கரகரத்த பிரேக்கும் கைமாறவிருந்த சாவியும்

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அது சாத்தியிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. திறந்திருந்தால்தான் இன்றைக்கு என்ன விசேஷம் என்று நாங்கள் கேட்போம். முன்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், அதற்குப் பின்னால் நான். பிரேக்கை மிதித்தேன்.

காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மியில் மணலைப் போட்டு அரைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பஸ் ஜன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. கேட்டருகே வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

"கேட்டுதாம்மா?" என்றார் பின் சீட்டிலிருந்து பெரிய அத்தான். அந்தக் குரலில் கவலை இல்லை. நெடுநாள் காத்திருந்த ஒன்று வந்துசேர்ந்தவரின் குரல் அது.

என் கணவர் மஸ்கட்டில் சம்பாதித்து, அந்தச் சின்ன வெள்ளைக் கார் எங்கள் வாசலுக்கு வந்துசேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். வந்த காரை என்னிடமிருந்து எப்படி வாங்கப் பார்த்தார்கள் என்பது இந்த வாரம்.

இரண்டு சாவி

பெரிய அத்தான் என் கணவரின் அண்ணன். நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டவர். ஒரே மனையில் இரண்டு வீடுகள். ஒன்றில் அவரும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இன்னொன்றில் நானும் என் மகள் ஷீபாவும். நடுவே தகரக் கொட்டகை போட்டு அதில் கார்.

சாவி ஒன்று என்னிடம். இன்னொன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் கணவர் சொல்லிவிட்டதால், அத்தான் வீட்டு அலமாரியில். அத்தானுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவருக்கு என்ன அவசரம் வந்து, அந்தச் சாவியை வைத்து என்ன செய்வார் என்று அன்றே எனக்கு ஒரு சந்தேகம்.

பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில்தான் போவேன். கார் ஷீபாவுக்காக. அவளுக்கு இழுப்பு உண்டு. அறுவடைத் தூசு கிளம்பும் மாதங்களில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். தஞ்சாவூர் டாக்டரிடம் கொண்டுபோய் மூக்கில் மருந்துப் புகை வைத்தால்தான் அடங்கும். கார் வருவதற்கு முன்னால், நெரிசலான பஸ்ஸில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி போயிருக்கிறேன். அவள் மூச்சு என் கழுத்தில் சுடும். அடுத்த மூச்சு வருகிறதா என்று எண்ணிக்கொண்டே போவேன். அந்தப் பயத்தை நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

அதனால்தான் மன்னார்குடிக்குப் போய் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

பிறவிக் குணம்

கற்றுக்கொடுத்தவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருந்தார். நான் மிதிப்பதற்கு முன்னால் அவர் மிதித்துவிடுவார். கடைசி நாள் வரை காரை நிறுத்துவது நானா அவரா என்று எனக்குத் தெரியாது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு தனியாக ஒருமுறை பிரேக் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

சந்தேகம் எனக்கு அம்மா வழியில் வந்தது. பூம்புகார் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணிடம் அம்மா வருடக்கணக்காக வாங்கினார். ஆனாலும் ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துப் பார்க்காமல் கூடையை இறக்க விடமாட்டார். அந்தப் பெண்ணும் கோபித்துக்கொண்டதில்லை. இந்த அம்மா வாங்கிவிட்டால் மிச்சத்தை எந்தத் தெருவிலும் தைரியமாக விற்கலாம் என்பாள்.

நானும் அப்படித்தான். கணக்கு டீச்சர் வேறு. விடை சரியாக இருந்தாலும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினானோ என்று பார்ப்பேன். இதைக் குறை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதனால் லாபம்தான் அதிகம்.

காரில் எஸ்தர் அக்கா எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்பார். வாய் திறந்து பேசமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டு வருவார். எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறேன் என்று அத்தானிடம் போய்ச் சொல்லத்தான் இந்தக் கண்காணிப்பு என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போன்

முதலில் பஜாரில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடு தேய்ந்து தகடு மட்டும் மிச்சம் என்று காட்டினார். இரும்பும் இரும்பும் உரசினால் கத்தாமல் என்ன செய்யும் என்றார். புதுசு போட்டார். வண்டி இவ்வளவு சீக்கிரம் தேய்க்காது, மேடம் கொஞ்சம் அதிகமாக மிதிக்கிறீர்களோ என்று மரியாதையாகச் சொன்னார். அத்தான் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பிறகு இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. போன் அத்தான் வீட்டில்தான் இருந்தது. முதலில் அண்ணனும் தம்பியும் பேசுவார்கள். அதன் பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். என் முறை வரும்போது பாதி விஷயம் முடிவாகியிருக்கும்.

"அண்ணன் சொல்றாரு, நீ கால பிரேக்குலயே வச்சுக்கிட்டு ஓட்டுறியாமே" என்றார் என் கணவர். "பொம்பளைங்களுக்கு இது சரிப்படாதும்மா. சாவிய அண்ணன்கிட்ட குடுத்துடு. ஆல்பர்ட் ஓட்டட்டும்."

ஆல்பர்ட் எஸ்தர் அக்காவின் தம்பி. மன்னார்குடியில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓ, கதை அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டேன். இனி ஷீபாவுக்கு மூச்சு முட்டினால் நான் அத்தான் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் ஆல்பர்ட்டைத் தேடி ஆள் அனுப்புவார். ஆல்பர்ட் சாப்பிட்டுவிட்டு வருவான்.

"குடுத்துடறேங்க" என்றேன். "அதுக்கு முன்னாடி சத்தம் எதனால வந்துச்சுன்னு நான் பார்த்துடறேன். என் காலாலதான்னா இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சாவி உங்க அண்ணன் கையில இருக்கும்."

என் கணவர் சிரித்தார். சரி என்றார். அத்தானும் சரி என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்குப் புதுச் சந்தேகத்தைக் கொடுத்தது.

சக்கரத்துக்குள் என்ன

புதுப் பேடு போட்ட ஒரு வாரத்துக்குள் மறுபடியும் அதே கரகரப்பு. போலி சாமான் போட்டிருப்பாரோ, பழையதையே துடைத்து மாட்டியிருப்பாரோ, டீக்கடையில் அதைத்தான் பேசினார்களோ என்று என் புத்தி ஓடியது. சனிக்கிழமை ஷீபாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன்.

உட்காருங்கள் மேடம் என்று நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. கழற்றுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்த மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கென்ன.

முன்சக்கரத்தை எடுத்ததும் உள்ளே பளபளக்கும் வட்டத் தகடு தெரிந்தது. பிரேக் போட்டால் இரண்டு பேடுகளும் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அதைத்தான். அந்தத் தகட்டில் கீறல் கீறலாக வட்டங்கள். பேடில் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. பஜார் மெக்கானிக் போட்டது நல்ல சாமான்தான் என்றார் இவர். வீணாக ஒருவரைச் சந்தேகித்துவிட்டேன், சரி, அடுத்த ஆள்.

பின்சக்கர டிரம்மைத் தட்டிக் கழற்றினார். பழுப்பு நிறத்தில் ஒரு பிடி தூசு கொட்டியது. ஷீபா தும்மினாள். அச்சைச் சுற்றி, கயிறு திரித்த மாதிரி ஏதோ காய்ந்த கொடி இறுக்கிச் சுற்றியிருந்தது. அதைக் கத்தியால் அறுத்து இழுத்தபோது கருப்பாக ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தேன். உளுந்து.

"இந்த மாசத்துல எந்த வண்டியக் கழட்டினாலும் இதாங்க" என்றார் அவர். "ரோடு பூரா போட்டு வச்சிருக்காங்கள்ல."

அது உண்மைதான். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து பங்குனியில் காய்த்துவிடும். செடியைப் பிடுங்கி வந்து தார்ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஓட்டுநர்கள் திட்டுவார்கள், போலீஸ்காரர் வந்தால் ஓரமாக ஒதுக்குவார்கள், அவர் போனதும் மறுபடி பரப்புவார்கள். ஆள் வைத்து அடித்த காலம் ஒன்று இருந்தது. காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள் வந்தன, குறுவை போனது, வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கு பனியன் தைக்கப் போய்விட்டார்கள். அவர்கள் போனது நல்லதுதான். ஆனால் உளுந்துக்கு அது தெரியுமா?

எல்லாம் சரி. ஆனால் நான் உளுந்து மேல் கார் ஓட்டுவதே இல்லை. அந்தத் தூசு ஷீபாவுக்கு ஆகாது என்று, பங்குனி பிறந்தால் மெயின் ரோட்டை விட்டுவிட்டு ஆற்றங்கரை வழியாகச் சுற்றித்தான் போவேன். அங்கே தார் கிடையாது, உளுந்தும் கிடையாது.

அப்படியென்றால் இது ஏறியது எங்கே? ஏற்றியது யார்?

மெக்கானிக்கைத் தூசு மட்டும் தட்டி மாட்டச் சொன்னேன். காரணம் தெரியாமல் இன்னொரு புதுப் பேடைத் தேய்க்கக் கொடுக்க எனக்கு மனமில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாக்பீஸ்

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போகுமுன் கொட்டகைக்குள் போய், டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. சாயங்காலம் வந்து பார்த்தால் தரைக் கோடு இருந்தது. டயர்க் கோட்டைக் காணோம். காரைக் கழுவித் துடைத்து வேறு வைத்திருந்தார்கள்.

நான் கரும்பலகை முன்னால் நிற்கும்போது என் கார் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவன் ஆல்பர்ட்டாகத்தான் இருக்க வேண்டும். பின் சீட்டில் அத்தான். எங்கே போவார்கள்? எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்து ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஊர் ஒன்றுதான். காரைக்கால். அங்கே குடிக்கப் போவார்கள். போகிற வழியெல்லாம் உளுந்து. லெந்து நோன்பு நாட்களில், கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன்!

நினைக்க நினைக்க எனக்கு ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், குஷி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அப்புறம் சாவியைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது.

புதன்கிழமை மதியம் எனக்குத் தேர்வு மேற்பார்வை இல்லை. தலைமையாசிரியையிடம் தலைவலி என்றேன். அவரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பஸ்ஸில் வந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். வீட்டுக் கொட்டகை காலியாக இருக்கும், திரும்பி வரும்போது வாசலிலேயே நின்று பிடித்துக்கொள்வோம் என்பது திட்டம்.

வாய்க்கால் ரோடு

எங்கள் வயல்களை ஒட்டி, வாய்க்கால் ஓரமாக, அந்த வருடம்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அந்த ரோடு வயலோடு முடிந்துவிடும். பஸ் கிடையாது, லாரி கிடையாது. குறுக்கு வழி என்று அதில் நடந்தேன். வெயில் உச்சியில் இருந்தது. தூரத்தில் தூசு எழும்பியது. அதற்குள்ளிருந்து என் காதுக்கு நன்றாகப் பழகிய அந்தச் சத்தம் வந்தது. கரகர. கொஞ்சம் இடைவெளி. மறுபடி கரகர.

ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தது. அதன் மேல் என் வெள்ளைக் கார் மெதுவாகப் போனது, நின்றது, பின்னால் வந்தது, நின்றது. பஸ் வராத ரோட்டுக்குப் பஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் தூசு. ஆல்பர்ட்டைத் திட்டுவதற்காக நேராக டிரைவர் பக்கம் போனேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். கார் கத்திக்கொண்டு நின்றது. அத்தான் கவைக்கம்போடு ஓடி வந்தார். ஆள் கிடைக்கவில்லை, திருப்பூரில் இருக்கிறவன் உளுந்து அடிக்கவா வருவான், மழை மேகம் வேறு தெரிகிறது, நனைந்தால் முளைத்துவிடும், ஆல்பர்ட்டைக் கேட்டால் இந்த வேலைக்கெல்லாம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்று மூச்சு விடாமல் சொன்னார். சொன்னதெல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமானது.

"பொம்பளைங்க ஓட்டுனா வண்டி தாங்காதுன்னு நீங்கதானே அத்தான் மஸ்கட்டுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எஸ்தர் அக்கா காரிலிருந்து இறங்கவில்லை. அதை நான் கவனித்தேன். யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பது போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உன்னப் பாத்துதான் கத்துக்கிட்டேன் கிரேஸ்" என்றார். "கோயிலுக்குப் போறப்ப, வர்றப்ப. காலு எப்ப எதுல இருக்குன்னு. மொத நாளு நாலு தடவ நின்னு போச்சு. அப்புறம் வந்துடுச்சு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில், "உளுந்து முடிஞ்சா எனக்கு ஏது வண்டி? உன் சாவியும் அவர்கிட்ட வந்துட்டா ஆல்பர்ட்தான் ஓட்டுவான்" என்றார்.

சண்டை போடத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் கோபத்தில் அவருக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அத்தானுக்கே வைத்துக்கொண்டேன்.

பழுது பார்த்தது

இன்னும் எவ்வளவு செடி பாக்கி என்று கேட்டேன். பாதி ரோடு என்றார் அத்தான். பேடு எப்படியும் போயாயிற்று. புதுசு மாட்டிய பிறகு மறுபடி இதில் ஏற்றி அதையும் கெடுப்பதைவிட, இருப்பதை முடித்துவிட்டுப் பழுது பார்ப்பதுதான் கணக்குக்குச் சரி. மீதியையும் அடித்து முடியுங்கள் என்றேன். அத்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். முதல் தடவையாக எங்கள் இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒரே குணம் இருப்பதைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான் அத்தான். வெள்ளிக்கிழமை போன் வரும். சத்தம் எதனால வந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

மறுநாள் தஞ்சாவூரில் வண்டியை விட்டோம். தகட்டை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். டிரம்மைக் கழுவி, காற்றடித்து, அச்சில் சுற்றியிருந்ததை எல்லாம் அறுத்தெடுத்து, புதுப் பேடு போட்டார்கள். இந்தத் தடவை நான் மட்டும் நிற்கவில்லை. அக்காவும் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார். திரும்பும்போது ரயில்வே கேட் வழக்கம்போல் சாத்தியிருந்தது. கார் சத்தமே இல்லாமல் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை

போன் மணி அடித்தபோது நான் அத்தான் வீட்டில், போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்பதை மறைக்கவில்லை. இவர் என்ன புரட்டுப் புரட்டப் போகிறாரோ என்று அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தேகம். அக்கா அடுப்பங்கரையில் இருந்தார்.

அத்தான் மழையைப் பற்றிப் பேசினார். உளுந்து நல்லபடியாக மூட்டை கட்டியாயிற்று என்றார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "வண்டி சரியாயிடுச்சு தம்பி. உளுந்து மேல ஏத்தி எறக்குனதுல வந்த சத்தம் அது. கிரேஸ் மேல தப்பில்ல" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் ஏதோ கேட்டார். உளுந்து மேல் ஏற்றியது யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அத்தான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"ஆல்பர்ட்தான்" என்றார். "அவன்தான் ரெண்டு நாளு வந்து ஓட்டிக் குடுத்தான்."

நான் எழுந்துவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் அடுப்பங்கரை வாசலிலிருந்து எஸ்தர் அக்கா வந்துவிட்டார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அத்தான் காதிலிருந்து போனை எடுத்தார். அந்த வீட்டில் போன் வந்த நாளிலிருந்து அவர் அதைத் துடைத்திருக்கிறாரே தவிர, அதில் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆல்பர்ட் இல்ல தம்பி, நான்தான் ஓட்டுனேன்" என்றார். "கிரேஸ் சாவி கிரேஸ்கிட்டயே இருக்கட்டும். இன்னொன்னு என்கிட்ட இருக்கட்டும். புள்ளைக்கு முடியலன்னா ரெண்டு பேர்ல யாரு வீட்ல இருக்கமோ அவங்க தூக்கிக்கிட்டு ஓடுவோம்."

பிறகு அக்கா, "சரி தம்பி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அலமாரியைத் திறந்து சாவியை எடுத்தார். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அத்தானின் கை மட்டும் இன்னும் காதருகே அப்படியே இருந்தது.